மும்பைக்கு அடியில் எரிமலைக் குழம்பு!

எரிமலை என்றதும் கூம்பு மாதிரி ஒரு மலை, உச்சியில் புகை... இதுதானே கண்ணுக்கு வரும்? இந்தியாவின் மிகப் பெரிய எரிமலைப் பாறைப் பரப்பில் அப்படிக் கூம்பும் இல்லை, புகையும் இல்லை. அதன் மேல்தான் மும்பைத் துறைமுக நகரம் உட்கார்ந்திருக்கிறது.

சுமார் 6.6 கோடி வருடங்களுக்கு முன் தரை நீளநீளமாகப் பிளந்து, அந்த வெடிப்புகள் வழியே குழம்பு வழிந்து பரவியது. ஒன்று ஆறியதும் அதன் மேல் இன்னொன்று, தோசை மேல் தோசை அடுக்கியது போல! ஆறி இறுகிய கருங்கல்தான் பசால்ட். இன்று மிஞ்சியிருப்பதே ஏறக்குறைய 5 லட்சம் சதுர கிலோமீட்டர். கிட்டத்தட்ட நாலு தமிழ்நாடு. ஓரங்கள் படிக்கட்டு போலத் தெரிவதால் 'தக்காண ட்ராப்' என்று பெயர். 'ட்ராப்' என்பது படியைக் குறிக்கும் ஸ்வீடிஷ் சொல்லிலிருந்து வந்தது. மும்பைத் துறைமுகத்துக்குள் இருக்கும் எலிபெண்டா தீவின் சிவன் குகைகளும் இந்தப் பசால்ட்டில் குடைந்தவையே.

இதில் எனக்குப் பிடித்தது அந்தேரி மேற்கில் நிற்கும் கில்பர்ட் குன்று. சுமார் 61 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தான கல்தூண்கள், ஒன்றோடொன்று ஒட்டியபடி. வற்றிய குளத்தில் வண்டல் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும் அல்லவா? அதே கதைதான். குழம்பு மெதுவாக ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது விரிசல் விடும். விரிசல் உள்ளே இறங்க இறங்க ஐந்து, ஆறு பட்டைகள் கொண்ட தூண்களாகப் பிரியும்.

முன்பு அதைச் சுற்றிலும் இன்னும் நிறையப் பாறை இருந்தது. ஜல்லிக்காக வெட்டி வெட்டி இவ்வளவுதான் மிச்சம். 1952ல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். 2007ல் மாநகராட்சி பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. இப்போது அடிவாரம் வரை கட்டடங்கள் நெருக்குகின்றன. உச்சியில் ஒரு அம்மன் கோயில்.

காமர்ஸ் படிக்கிறவனுக்குக் கல்லைப் பற்றி என்ன பேச்சு என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. அக்கவுண்ட்ஸில் கல்குவாரியை 'வேஸ்டிங் அசெட்' என்போம். எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகும் சொத்து. வருடாவருடம் மதிப்பைக் குறைத்துக் கடைசியில் பூஜ்யமாக்கிக் கணக்கை முடித்துவிடலாம். ஆனால் அந்தக் கணக்கில் வருவது குவாரிக்காரர் போட்ட பணம் மட்டும்தான். கல் உருவான 6.6 கோடி வருடத்துக்கு எந்தப் பக்கத்திலும் பதிவு கிடையாது. நம்ம கொங்குப் பக்கத்துக் கரடுகளுக்கும் இதே நிலைமைதான். அவை எரிமலைக் குழம்பு அல்ல, அதைவிட ரொம்பப் பழைய பாறைகள். ஆனாலும் நமக்குத் தெரிந்தது ஒரு யூனிட் ஜல்லி என்ன விலை என்பது மட்டும்!

மும்பை போகிறவர்கள் கேட்வேயோடு திரும்பிவிடாமல் அந்தேரிக்கும் ஒரு எட்டுப் போய் வாருங்கள்.