வைத்திருப்பதும் கணித்துரைப்பதும்

ஒரு பொருளைப்பற்றி நாம் கேட்டறியும் செய்திகள் இருதிறத்தன. ஒருமுறை எழுதி வைத்தால் என்றும் மாறாதன சில. கேட்குந்தோறும் கணக்கிட்டுச் சொல்ல வேண்டுவன சில. பிறந்த நாள் முன்னதற்கும், வயது பின்னதற்கும் சான்றாகும். இவ்வேறுபாடு சிறு குழந்தைக்கும் விளங்குவதன்றோ என்று அன்பர்கள் வினவலாம். விளங்குவதே, ஆயினும் அதனை மறந்து எழுதப்பட்ட ஏடுகளும் நிரல்களும் மிகப் பல.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் இல்லத்தில் வாழும் பாட்டியாரிடம் எவரேனும் வயது கேட்டால், எண்ணைக் கூறும் வழக்கம் அவர்க்கில்லை. "பார்த்திப வருஷம், ஆடி மாசம், கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பார். பார்த்திப ஆண்டு 1945ஆம் ஆண்டு சித்திரையில் தொடங்கியது. ஓர் அலுவலகத்துப் பதிவேட்டிலோ அவர் வயது 58 என்று முன்னொருகால் எழுதப்பட்டிருந்தது. ஆண்டுகள் பல சென்றபின் அவ்வேட்டைப் பெயர்த்தெழுதியோர் அவ்வெண்ணையும் அவ்வாறே பெயர்த்தெழுதினர். முதியோர் உதவித்தொகை நாடிப் பாட்டியார் சென்றபோது, ஏடு அவரை இன்னும் 58 வயதினராகவே காட்டிற்று. வயது போதாதென்று திருப்பிவிட்டனர். பிறந்த நாளுக்குரிய சான்றைத் தேடியெடுத்துக் குறை தீர்வதற்குள் எட்டுத் திங்கள் கழிந்தன. என் குழந்தைப்பருவத்தில் நிகழ்ந்த இதனை வீட்டார் பன்முறை சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கல்லூரியில் நிரலாக்கம் பயிலத் தொடங்கியபின்னரே, அவ்வேட்டின் குறை இன்னதென எனக்குத் தெளிவாயிற்று. ஓர் ஆளைப்பற்றிய விவரங்களை நிரலில் அமைக்குங்கால் வயதைச் சேமித்து வைத்தல் தகாது. பிறந்த நாளையே வைத்து, வயதைக் கேட்கும்போது அன்றைய தேதியைக்கொண்டு கணித்து விடையளிக்கும் முறையொன்றை அமைத்தல் வேண்டும். இதனைக் கெட்டர் என்பர். விடையாக வந்த எண் முன்னரே வைத்திருந்ததா, அப்பொழுது கணித்ததா என்பது கேட்பவர்க்குத் தெரியவேண்டுவதில்லை; இரண்டையும் ஒரே வகையாற் கேட்கலாம். ஆதலின் இன்று சேமித்து வைத்த ஒன்றை நாளை கணித்துத் தருவதாக மாற்றினும், அதனைப் பயன்படுத்தும் பிற நிரல்களைத் திருத்த வேண்டுவதில்லை. பெர்ட்ராண்டு மேயர் என்னும் அறிஞர் 1988ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் இக்கொள்கையை வலியுறுத்தினார். பைத்தான் மொழி 2001ஆம் ஆண்டிலும், ஜாவாஸ்கிரிப்டு 2009ஆம் ஆண்டின் தரவரையறையிலும் இதற்கு இடமளித்தன.

இனி, மதிப்பை உள்ளே இடும் முறையைச் செட்டர் என்பர். கல்லூரிக்கு வரும் வழியில் காவிரிப் பாலத்தைக் கடக்குந்தோறும், மேற்கே முக்கொம்பில் ஆர்தர் காட்டன் 19ஆம் நூற்றாண்டிற் கட்டுவித்த மேலணையை நினைப்பேன். அங்கே காவிரிக்கு இவ்வளவு, கொள்ளிடத்திற்கு இவ்வளவு என்று அளவு நோக்கியே மதகுகளைத் திறப்பர். செட்டரும் அத்தகைய மதகே. இனி வரப்போகும் நாளொன்றைப் பிறந்த நாளாக இட முயன்றால், அது தடுத்துவிடும்.

கணித்துப் பெறும் பண்புகள் எல்லாவற்றிற்கும் செட்டர் பொருந்துமோ எனின், பொருந்தாது. வட்டத்தின் ஆரத்தை வைத்து விட்டத்தைக் கணிக்கும் நிரலில், விட்டத்தை இட்டால் அதிற் பாதியே ஆரமென மாற்றிக்கொள்ளலாம். வயதை இட்டாலோ பிறந்த நாள் புலப்படாது. ஆகவே வயதிற்குச் செட்டர் வையாது, கேட்டறிவதற்கு மட்டும் உரியதாக விடுதலே முறை. எங்கள் பாட்டியாரின் ஏடு அவ்வாறு அமைந்திருப்பின், 58 என்று எழுதுவதற்கே அங்கு இடமிருந்திராது.

கெட்டரிலும் கருத்தாயிருக்க வேண்டுவன உள. கேட்டதற்கு விடை கூறுவதன்றி, உள்ளிருப்பதை அது மாற்றலாகாது. நெடுநேரம் பிடிக்கும் கணக்கை அதனுள் ஒளித்துவைத்தலும் நன்றன்று. எளிதென்றெண்ணி ஒருவர் ஆயிரம் முறை கேட்பின் நிரல் தளர்ந்துவிடும்.

நம் மாணவ நண்பருட் பலர் நாளை அலுவலகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் நிரல் எழுதுவர். எதனை வைத்திருப்பது, எதனைக் கணித்துரைப்பது என்று அவர்கள் முதற்கண் ஆராய்வாராக. ஏட்டில் தம் வயது எவ்வாறு எழுதப்பட்டுள்ளதென்று அறியாத முதியோர் பலர் அவ்வேடுகளை நம்பியிருக்கின்றனர்.