ஆறில்லா ஊரில் ஆடிப்பெருக்கு

காவிரிக் கரையில் பிறந்தவர்க்கு ஆறில்லாத ஊர் ஓர் ஊராகவே தோன்றுவதில்லை. பணியின் பொருட்டுச் சண்டிகரில் குடியேறிய எங்களுடன் தங்க 1979ஆம் ஆண்டு வந்த தாயாருக்கும் அதுவே பெருங்குறை. ஆடி பிறந்ததும், “பதினெட்டாம் பெருக்குக்கு இங்கே எங்கே போவது? என்னை ஊருக்கே அனுப்பிவிடுங்கள்” என்று கண் கலங்கினார். ஊரிலோ அவரைப் பேண எவரும் இல்லை. நாங்கள் செய்வதறியாது திகைத்தோம்.

அடுத்த வீட்டுச் சீக்கிய மூதாட்டி 1947இல் லாகூரையும் ராவி நதியையும் விட்டு வந்தவர். தாயாரின் துயரை எங்கள் வாயிலாக அறிந்த அவர், ஒன்றும் கூறாது, அவர் கையைப் பற்றிப் பதினாறாம் செக்டரிலுள்ள ரோஜாத் தோட்டத்திற்கு அழைத்துச் சென்றார். நாங்களும் பின்தொடர்ந்தோம். மலர்ப் பாத்திகளைக் கடந்து, தாழ்ந்த நிலத்தில், மழைநீர் செந்நிறமாய்ச் சலசலத்து ஓடிக்கொண்டிருந்தது.

அத்தோட்டம் ஒரு பள்ளத்தாக்கு என்பதை அன்றுதான் உணர்ந்தோம். பிரிவினையில் லாகூரை இழந்த பஞ்சாபுக்குப் புதுத் தலைநகராக எழுந்தது சண்டிகர். அதற்காக நிலமிழந்து பெயர்ந்த சிற்றூர்களும் உண்டு. சிவாலிக் மலையடிவாரத்தில் மழைக்காலத்தில் மட்டும் பெருகும் காட்டாறுகளைப் பஞ்சாபியர் ‘சோ’ என்பர். அத்தகைய ஓடை அரித்த பள்ளம் நகரின் நடுவே கிடந்தது. 1951இல் நகரை வகுத்த லெ கார்புசியே அதனைத் தூர்க்கவில்லை. செக்டர்களை ஊடறுத்துச் செல்லும் பசுஞ்சோலையாக விட்டுவைத்தார். வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீள்கிறது அச்சோலை. எம். எஸ். ரந்தாவா முன்னின்று 1967இல் அமைத்த ரோஜாத் தோட்டமும், மூன்றாம் செக்டரின் காகிதப்பூத் தோட்டமும் அதன் பகுதிகளே.

“கலங்கல் நீர்தான், ஆனாலும் ஆடியில் தவறாமல் வருகிறதே!” என்றார் தாயார். பதினெட்டாம் நாள் மஞ்சளும் பூவும் காதோலை கருகமணியும் கரையில் வைத்து வணங்கினார். மஞ்சள் கயிறொன்றை அச்சீக்கிய மூதாட்டியின் மணிக்கட்டில் கட்டினார். இருவரும் புளியோதரையைப் பகிர்ந்து உண்டனர். ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாது. எனினும் அன்று அவர்கள் பேசி முடிக்க அந்தி சாய்ந்தது.

அதன்பின் ஊருக்கு அனுப்பும்படி தாயார் கேட்டதில்லை. எங்களோடு ஒன்பது ஆடிகள் இருந்து மறைந்தார். இன்று அவ்வோடையில் சில வேளைகளில் நகரக் கழிவின் வாடை வீசும்போது, எங்கள் வீட்டு நதி மாசுற்றதாகவே மனம் நோகிறோம்.

வெளியூர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்று: நீங்கள் வாழும் ஊரில் மழைநீர் எவ்வழியே செல்கிறதென்று ஒருமுறை குழந்தைகளுடன் சென்று காணுங்கள். அவ்வழியைக் காத்து நில்லுங்கள். குடிவந்த ஊர் சொந்த ஊராகும் வழியும் அதுவே.