எழுவாய் எங்கே?

மேசைக்கு அந்தப் பக்கம் வட இலங்கையின் வன்னியிலிருந்து வந்த ஒரு தாய். இந்தப் பக்கம் வெளிநாட்டவர் இருவர். நடுவில் நான், மடியில் குறிப்புப் புத்தகத்தோடு. நிறுத்தி நிறுத்திப் பேசுவதை வாயால் உரைபெயர்க்கிறவர்களில் பலர் குறிப்பெடுக்கும் முறை ஒன்று உண்டு. தாளின் இடது மேல் மூலையில் செய்தவர். அதற்குக் கீழே, சற்று வலப்பக்கம் தள்ளி, செயல். இன்னும் கீழே, செயலுக்கு ஆளானவர். வாக்கியம் தாளில் படியிறங்குவது போல இருக்கும். பேசுகிறவர் நிறுத்தியதும் அந்தப் படிகளில் இறங்கினால் வாக்கியம் முழுதாகக் கைக்கு வந்துவிடும்.

அந்த அம்மா சொன்னார்: "வீட்டை வந்து பிள்ளையைக் கொண்டு போனாங்கள்."

கீழ்ப் படிகள் இரண்டும் நிரம்பின. மேல் மூலை வெறுமையாகக் கிடந்தது. அங்கே ஒரு சிறு கட்டம் போட்டேன். செய்தவர் யாரென்று சொல்லப்படாதபோது நான் போடும் அடையாளம் அது.

அமர்வு முடிந்ததும் குறிப்புகளைக் கிழித்துவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலின் ஒழுங்கு. நானும் கிழித்திருக்கிறேன். ஆனால் வெறுமையாக விட்ட அந்தக் கட்டங்கள் என்னை விட்டுப் போகவில்லை. அரசு என்றால் என்ன, பாதுகாப்பு யார் கையில், வெளியிலிருந்து வருகிறவர்கள் எதற்கு வருகிறார்கள் என்ற பெரிய கேள்விகளெல்லாம் எனக்கு அந்தக் கட்டத்தின் வழியாகவே விளங்கின.

தமிழில் வினைச்சொல்லின் வாலிலேயே ஆள் ஒட்டிக்கொண்டிருப்பார். வடக்கின் பேச்சில் அயலவர்கள் என்றால் "கொண்டு போச்சினம்". மதிப்புக்குரிய ஒருவர் என்றால் "கொண்டு போனவர்". "கொண்டு போனாங்கள்" என்று ஒரு தாய் சொன்னால், அவர் அஞ்சுகிற அல்லது வெறுக்கிற ஆண்கள் சிலர் என்று கேட்கிற எங்களுக்குப் புரியும். ஆங்கிலத்தில் "போச்சினம்", "போனாங்கள்" இரண்டும் ஒரே ஒரு பிரதிப்பெயராகச் சுருங்கிவிடும். அந்த வால் சான்று ஆகாது. ஆனால் அது ஒரு கதவு. "யார் என்று அம்மாவிடம் கேட்கலாமா?" என்று அனுமதி வாங்கி, அந்தக் கதவைத் தட்டுவது என் கடமை.

ஒருமுறை நான் தட்டவில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு விசாரணை அமர்வு. காலையிலிருந்து பதினான்கு பேர் பேசியிருந்தார்கள். பதினைந்தாவதாக ஒரு மூதாட்டி. அவரும் "கொண்டு போனாங்கள்" என்றார். களைப்பில் என் வாய் "மகன் காணாமல் போனார்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டது. வெளியே வந்ததும் அவருடைய பேத்தி என்னிடம் வந்தாள். பாடசாலைச் சீருடையில் இருந்தாள். "அன்ரி, அம்மம்மா கொண்டு போனாங்கள் எண்டுதானே சொன்னவ? நீங்கள் ஏன் தானாப் போன மாதிரிச் சொன்னனீங்கள்?" நான் உள்ளே போய்ப் பதிவைத் திருத்தக் கேட்டேன். திருத்தினார்கள். அந்தப் பிள்ளை கேட்டிராவிட்டால், அந்தப் பதிவேட்டில் ஒரு மகன் தன் காலாலேயே நடந்து மறைந்திருப்பான். செய்தவரை அழிக்கத் துப்பாக்கி தேவையில்லை, களைத்துப்போன ஓர் உரைபெயர்ப்பாளரே போதும் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

அந்தச் சிறுமி கேட்டது நாட்டின் பெரிய வழக்கும்தான். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அலுவலகத்தின் பெயரில் இருப்பது "காணாமற்போன" என்ற சொல். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் வீதியோரம் உட்கார்ந்த தாய்மார் சொன்னது "காணாமல் ஆக்கப்பட்டோர்". போனது தன்வினை. ஆக்கப்பட்டது செயப்பாட்டுவினை. முன்னதில் செய்தவருக்கு இடமே இல்லை. பின்னதில் இடம் இருக்கிறது, பெயர் மட்டும் இல்லை. 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வலிந்து காணாமலாக்குவதைக் குற்றமாக்கியபோது அந்த இடம் சட்டத்துக்குள்ளும் வந்தது. ஓர் அரசு தன் குடிமக்கள் முன் எப்படி நிற்கிறது என்பதை இந்த இரண்டு வினைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தில் அளந்துவிடலாம்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கை. கிழக்கைச் சேர்ந்த இளைஞர். 1993இல் கைதானார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 1995இல் 50 வருடச் சிறை. மேன்முறையீட்டில் அது 35 வருடமாகக் குறைந்தது. தீர்ப்பு நின்றது ஒரு குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தின் மேல். அது எடுக்கப்பட்ட அறையில் அவரோடு இருந்தவர்கள் இருவர்: ஓர் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர், ஒரு கான்ஸ்டபிள். தமிழையும் சிங்களத்தையும் மாற்றி மாற்றிச் சொன்னவர் அந்தக் கான்ஸ்டபிள். தட்டச்சு செய்தவரும் அவரே. தனக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத் தாளில் பெருவிரல் அடையாளம் வைக்கச் செய்தார்கள் என்பது சிங்கராசாவின் முறைப்பாடு.

அந்த முறைப்பாடு ஜெனீவாவிலுள்ள ஐ.நா. மனித உரிமைகள் குழுவுக்குப் போனது. விசாரிக்கிறவரே மொழிபெயர்க்கிறவராகவும் இருந்த சூழலில் பெற்ற வாக்குமூலத்தை மட்டும் நம்பித் தண்டித்தது நீதியான விசாரணை ஆகாது என்று 2004இல் அந்தக் குழு சொன்னது. அந்த முடிவைக் கொண்டு இங்கே உயர் நீதிமன்றத்தை நாடியபோது, 2006 செப்டெம்பர் 15ஆம் திகதி வேறொரு பதில் வந்தது. தனிமனிதர் அந்தக் குழுவிடம் முறையிட வழிதிறந்த நெறிமுறையில் 1997இல் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண், மக்களின் இறைமை சார்ந்த நீதி அதிகாரத்தை வெளியாருக்குக் கொடுக்க முடியாது என்றது தீர்ப்பு. இறைமை, பாதுகாப்புச் சட்டம், சர்வதேசத் தலையீடு என்று ஏடுகளில் தனித்தனி அத்தியாயங்களாக இருப்பவை அந்தச் சின்ன அறையில் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தன. அந்த அறையில் இல்லாமல் போனவர், இரு பக்கத்துக்கும் சேராத ஓர் உரைபெயர்ப்பாளர்.

வெளியிலிருந்து வந்தவர்களும் என் காலத்துக்குள்ளேயே மாறிவிட்டார்கள். 1987 ஜூலை 29ஆம் திகதி இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு வந்தது ஒரு படை. ஒப்பந்த மொழியில் அது அமைதி காக்கும் படை. எங்கள் சனத்தின் வாயில் "இந்தியன் ஆமி". அது 1990 மார்ச்சில் போனது. அரசும் விடுதலைப் புலிகளும் 2002 பெப்ரவரி 22ஆம் திகதி செய்த போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின் ஐந்து நோர்டிக் நாடுகளிலிருந்து ஆயுதமில்லாத கண்காணிப்பாளர்கள் வந்தார்கள். அவர்களுடைய வேலை பார்ப்பது, பதிவது, மீறல் என்று சொல்வது. தடுப்பது அவர்கள் கையில் இல்லை. "எழுதிப்போட்டு என்ன செய்வியள்?" என்று ஆட்கள் கேட்பார்கள். அதை ஒரு சொல்லும் குறையாமல் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதுதான் உரைபெயர்ப்பாளரின் பங்கு. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தபின் சுவீடன், பின்லாந்து, டென்மார்க் நாட்டவர்கள் வெளியேறினார்கள். 2008 ஜனவரியில் அந்த உடன்படிக்கையே முடிந்தது. அதே வருடம் செப்டெம்பரில் ஐ.நா. பணியாளர்கள் வன்னியை விட்டு வெளியேறியபோது, கிளிநொச்சியில் அவர்களுடைய வாசலில் நின்று சனம் போகவேண்டாம் என்று கெஞ்சியது. தன் அமைப்பே தோற்றுப்போனது என்று ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு 2012 நவம்பரில் ஒப்புக்கொண்டது.

அதன்பிறகு தலையீடு என்ற சொல்லின் பொருளே மாறிவிட்டது. போர்க்கால மீறல்கள் பற்றி 2014இல் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை உத்தரவிட்ட விசாரணைக்கு இந்த நாட்டுக்குள் வர அனுமதி கிடைக்கவில்லை. சாட்சியங்களை வெளியிலிருந்தே சேர்த்து, 2015 செப்டெம்பரில் அறிக்கை வந்தது. 2021 மார்ச்சில் அதே பேரவையில் நிறைவேறிய 46/1 தீர்மானம், சான்றுகளைச் சேகரித்துப் பாதுகாத்து வைக்கும் பொறுப்பை மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகத்திடம் கொடுத்தது. படையாக வந்தது, பார்வையாளராகி, இப்போது ஒரு களஞ்சியமாக நிற்கிறது. இன்னொரு பக்கம், 2022இல் நாடு கடன் திருப்ப முடியாமல் நின்ற பிறகு, 2023 மார்ச் 20ஆம் திகதி சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் திட்டத்தை அங்கீகரித்தது. கையில் துப்பாக்கியும் இல்லை, தொலைநோக்கியும் இல்லை. அட்டவணைகளோடு வருகிறார்கள். மின்கட்டணம், வரி, நலன்புரிக் கொடுப்பனவு எல்லாம் அந்த அட்டவணைக்குள் வருகின்றன. அந்த மொழியின் வினைகள் "மேற்கொள்ளப்படும்", "உறுதிப்படுத்தப்படும்" என்றே முடியும். யார் மேற்கொள்வார்? அமைச்சா, நிதியமா, மத்திய வங்கியா? என் மேல் மூலையில் கட்டத்துக்கு மேல் கட்டம்.

அரசு என்ற சொல்லே எங்களுக்கு இலேசானது அல்ல. நான் வசிக்கும் தெமட்டகொடையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் மருதானை. 1949 டிசம்பர் 18ஆம் திகதி இலங்கைத் தமிழரசுக் கட்சி அங்கே தொடங்கியது. ஆங்கிலத்தில் அதைச் சமஷ்டிக் கட்சி என்றார்கள். தமிழில் "அரசு" என்பது ஆட்சியும் ஆகும், நாட்டின் முழு அமைப்பும் ஆகும். அந்த ஒரு சொல்லைத் தனிநாடு என்று வாசித்தவர்களும் உண்டு, கூட்டாட்சி என்று வாசித்தவர்களும் உண்டு. இந்தச் சந்தேகம் வழக்காக நீடித்து, நாட்டுக்குள் சமஷ்டி கேட்பது பிரிவினை ஆகாது என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2017 ஓகஸ்ட் வரை ஆனது. அடுத்த மாதமே புதிய அரசியலமைப்புக்கான இடைக்கால அறிக்கை வந்தது. ஆங்கிலச் சொல் பொருந்தாது என்று விட்டுவிட்டு, சிங்களத்தில் "ஏக்கிய ராஜ்ய" என்றும் தமிழில் "ஒருமித்த நாடு" என்றும் அதில் எழுதினார்கள். "ஏக்கிய" என்பதற்கு நாங்கள் அதுவரை எழுதிவந்தது "ஒற்றையாட்சி". ஒரே நாட்டின் பெயரை இரண்டு மொழிகளில் இரண்டு நம்பிக்கைகளாக எழுதி வைத்தார்கள். அந்த வரியை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஒரு நாட்டின் தீராத பிணக்கை இரண்டு சொற்களின் இடைவெளியில் வைத்துக் காக்கலாம் என்று நம்பிய அந்த முயற்சியை நான் மதிக்கிறேன். ஆனால் இங்கே ஏறக்குறைய ஒவ்வொரு சட்டத்தின் கடைசிப் பிரிவும் ஒன்றையே சொல்கிறது: சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையில் முரண் வந்தால் சிங்கள உரையே மேலோங்கும். அந்த இடைவெளி எந்தப் பக்கம் மூடும் என்பது மொழிபெயர்ப்பாளருக்கு முன்கூட்டியே தெரியும்.

"பாதுகாப்பு" அதைவிடச் சிக்கலான சொல். படையும் பாதுகாப்பு, சிறுவர் பாதுகாப்பும் பாதுகாப்பு, ஏழைக்குக் கொடுக்கும் உதவியும் சமூகப் பாதுகாப்பு. ஆங்கிலம் இவற்றுக்கு வேறு வேறு சொற்களை வைத்திருக்கிறது. தமிழில் எல்லாம் ஒரே வாசலால்தான் வர வேண்டும். 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனபோது, அந்த வாசல் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டது. தோட்டம் என்று நாங்கள் சொல்லும் குடிசைப் பகுதிகளிலிருந்து சனத்தைத் தூக்கி அடுக்குமாடிகளுக்குள் வைத்தார்கள். தெமட்டகொடையில் மிஹிந்துசென்புர எழும்பியது. வீடு, வடிகால், வீதி எல்லாம் பாதுகாப்பின் மொழியில் பேசப்பட்டன.

பிறகு 2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு. காலையில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள். பின்னேரம் எங்கள் பகுதியில், மஹவில கார்டன்ஸில் ஒரு வீட்டைச் சோதிக்கப் போன மூன்று பொலிஸார் அங்கே வெடித்த குண்டில் இறந்தார்கள். அந்த வீட்டின் பிள்ளைகளும் இறந்தார்கள். ஜன்னல்களை மூடிக்கொண்டு இருந்தோம். அடுத்த நாள் அவசரகாலச் சட்டம். எஃப்.பி.ஐ., இன்டர்போல் ஆட்கள் கொழும்புக்கு வந்தார்கள். இந்தியாவின் எச்சரிக்கை ஏப்ரல் 4ஆம் திகதியே வந்துசேர்ந்திருந்தது என்று பிறகு தெரிந்தது. உளவுத் தகவல் எல்லை தாண்டி வந்துவிட்டது. வந்த தகவலைச் செயலாக்க வேண்டியவர் யார் என்ற இடத்தில் அது நின்றுவிட்டது. 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் அந்தக் கட்டத்தை நிரப்பியது. "அரசு தவறியது" என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் தன் சொந்தப் பணத்திலிருந்து கொடுக்க வேண்டும் என்றது. உயர் அதிகாரிகளையும் பெயர் சொல்லிப் பொறுப்பாக்கியது. அந்தத் தீர்ப்பை வாசித்தபோது, என் தொழில் வாழ்வில் அரிதாகவே கண்ட ஒன்றைக் கண்டேன்: எழுவாய் உள்ள வாக்கியம்.

அந்த 2019 மே மாதம் ஒரு நோன்பு நாளில் அடுத்த ஒழுங்கையிலிருந்து ஓர் உம்மா வந்தார். கையில் சிங்களத்தில் ஒரு தாள்.

"மிஸ், இதுல என்ன எழுதீக்கி?"

தடுப்புக்காவல் உத்தரவு. வாசித்துச் சொன்னேன். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுத வேண்டும் என்றார். என்ன நடந்தது என்று கேட்டேன்.

"ராவு வந்து மகன கொண்டு போன."

கொழும்பு முஸ்லிம்களின் தமிழில் வினைக்கு வால் இல்லை. "போச்சினம்" இல்லை, "போனாங்கள்" இல்லை, வெறும் "போன". வன்னித் தாயின் சொல்லில் இருந்த அந்தச் சின்னத் தடயமும் இங்கே இல்லை. முப்பது வருடம் வடக்கின் தாய்மார் வந்து நின்ற இடத்தில் அன்று என் அயலவர் நின்றார், அதே பயங்கரவாதத் தடைச் சட்டத்தோடு. பேனையைக் கீழே வைத்தேன்.

"யாரு வந்த, உம்மா?"

கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். யூனிபோர்ம் போட்டவர் ஒருவர், சாதாரண உடுப்பில் இருவர், வாசலில் நின்ற ஜீப், அவர்கள் பேசிய மொழி, நேரம். ஒவ்வொன்றாக வந்தது. பிறகு கேட்டார்: "இத எழுதினா மகனுக்கு ஏதும் ஆகுமா மிஸ்?"

அதற்கு நான் பதில் சொல்லக் கூடாது. எழுதுவதும் விடுவதும் அவருடைய உரிமை என்று மட்டும் சொன்னேன். வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எழுதுங்க" என்றார்.

வந்தவர்களை முதலில் வைத்து, அவர்கள் செய்ததைப் பிறகு வைத்து எழுதினேன். முடிந்ததும் முழுவதையும் அவருடைய தமிழில் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். ஓரிடத்தில் நேரம் பிழை என்றார், திருத்தினேன். அதன்பிறகுதான் கையொப்பம் வைக்கப் பேனையை அவரிடம் நீட்டினேன்.