17-ஆம் எண் சட்டை

டொரொண்டோ,
2019 ஜூன் 27

அன்பு நண்பா,

நயாகரா பற்றி எழுதச் சொல்லியிருந்தாய். அது அடுத்த கடிதத்தில். இப்போது எழுத ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: பாஸ்கெட் பால். ஜூன் 13 இரவு ஓக்லாந்தில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸை 114-110 என்று வென்று இந்த ஊர் ராப்டர்ஸ் என்பிஏ பட்டத்தை எடுத்தார்கள். கனடாவுக்கு வந்த முதல் என்பிஏ பட்டம் இது. நான்கு நாள் கழித்து நடந்த ஊர்வலத்தில் தெருவே தெரியாத அளவுக்குக் கூட்டம். இன்னமும் காரில் கொடி கட்டிக்கொண்டு போகிறார்கள்.

எல்லோரும் அணியின் நட்சத்திரம் கவை லெனர்டு இருப்பாரா போவாரா என்றுதான் பேசுவார்கள் என்று நீ நினைப்பாய். பேசுகிறார்கள். ஆனால் நான் தங்கியிருக்கும் ஸ்கார்பரோ வீட்டில் நடக்கும் வாக்குவாதம் வேறொருவரைப் பற்றியது. ஜெரமி லின். பிப்ரவரியில் அணி எடுத்துக்கொண்ட, பந்தைத் தட்டிக்கொண்டு வரும் மாற்று கார்டு. இறுதித் தொடரின் ஆறு ஆட்டங்களிலும் சேர்த்து அவர் களத்தில் நின்றது ஏறக்குறைய ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடக்காரருக்காக ராத்திரி பதினொரு மணி வரை சாப்பாட்டு மேசையைவிட்டு எழாமல் பேசுகிறார்கள் என்றால் இந்த ஊர் ரசிகர்களை உனக்குப் பிடித்துவிடும்.

கல்லூரி நாட்களில் சென்னையில் நம்மோடு ஆடிய யாழ்ப்பாணத்து நண்பர் உனக்கு நினைவிருக்கும். அவர் வீடுதான் இது. இரண்டு பையன்கள், இரண்டு பேரும் இங்கேயே பிறந்தவர்கள். மூத்தவன் லின்னின் பக்கம். "நேர்ஸ் அவனை விளையாடவே விடேல்லை மாமா. பிறகு எப்பிடி அவன் தன்னைக் காட்டுறது?" என்கிறான். நிக் நேர்ஸ்தான் பயிற்சியாளர். இளையவன் கணக்கோடு வருகிறான்: "விட்டவர்தானே அண்ணா, 23 கேம். த்ரீ பாயிண்டர் அஞ்சு அடிச்சால் ஒண்டுதான் விழுந்தது." நண்பருக்கு மூன்றாவது கட்சி. வெளியிலிருந்து பெயர் பெற்ற ஆளைக் கொண்டுவந்ததே பிழை, உள்ளே இருக்கும் இளைஞர்களுக்கு அந்த நேரத்தைக் கொடுத்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். சமையலறையிலிருந்து வீட்டம்மாவின் குரல் வரும்: "அந்தப் பிள்ளை ஒரு முறைப்பாடும் சொல்லேல்லைத்தானே, விடுங்கோவன்."

பிப்ரவரியில் நடந்ததைச் சொன்னால்தான் இது உனக்குப் பிடிபடும். 7-ஆம் தேதி வீரர்களை மாற்றிக்கொள்ளும் கடைசி நாள். அன்று ராப்டர்ஸ் மெம்ஃபிஸிலிருந்து மார்க் கசோலை வாங்கினார்கள். அதற்கு விலையாக யோனாஸ் வாலன்சியூனஸ், சி.ஜே. மைல்ஸ், டெலான் ரைட் மூவரையும் கொடுத்தார்கள். ரைட் மாற்று கார்டுகளில் ஒருவர். இன்னொருவரான ஃப்ரெட் வான்வ்லீட்டுக்கு அதே வாரத்தில் இடது கட்டைவிரலில் அடி. ஆக, கைல் லௌரி உட்கார்ந்தால் பந்தைத் தட்டிக்கொண்டு வரத் தகுந்த ஆள் இல்லை. லௌரிக்கு அப்போது வயது 32, முதுகுவலி வேறு. அந்த வாரத்தில்தான் அட்லாண்டா ஹாக்ஸ் அணி லின்னோடு கணக்கு முடித்து விடுவித்தது. அவரைப் பெற யாரையும் பதிலுக்குக் கொடுக்க வேண்டியதில்லை. 13-ஆம் தேதி வாஷிங்டனுக்கு எதிராக இறங்கினார். வாலன்சியூனஸ் கழற்றிவிட்டுப் போன 17-ஆம் எண்ணையே அவர் போட்டுக்கொண்டார். அவர் சில அணிகளில் போட்டிருந்த 7-ஆம் எண் இங்கே லௌரியுடையது.

மாற்று கார்டின் வேலை என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீ பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பவன். ஆனால் இங்கே நேரில் பார்த்தபோதுதான் அதன் கடுமை உறைத்தது. 48 நிமிட ஆட்டத்தில் முதல் கார்டு 35 நிமிடம் நிற்பார். மீதி 13 நிமிடமும் மொத்தமாகக் கிடைக்காது. இரண்டாம் கால்பகுதித் தொடக்கத்தில் நான்கு நிமிடம், மூன்றாம் கால்பகுதிக் கடைசியில் மூன்று நிமிடம் என்று துண்டு துண்டாக வரும். உடம்பு சூடேறும்போது மணி அடித்துக் கூப்பிட்டுவிடுவார்கள். பெரிய ஆட்கள் சேர்த்துவைத்த பத்துப் புள்ளி முன்னிலை கரைவது பெரும்பாலும் அந்தத் துண்டு நேரங்களில்தான். வான்வ்லீட் கூட முதல் ஐவரில் ஒருவராக வந்தவரில்லை. 2016-இல் எந்த அணியும் தேர்ந்தெடுக்காமல் விட்டுவிட, மாற்று ஆளாக நுழைந்து வளர்ந்தவர். லின்னும் 2010-இல் ஹார்வர்டிலிருந்து அப்படியே விடப்பட்டவர். ஒரே கதவு வழியாக வந்த இரண்டு பேர் ஒரே இருக்கைக்கு நின்றார்கள். இந்த வீட்டில் யாரும் அதைச் சொல்லவில்லை, எனக்குத்தான் அது மனதில் நின்றுகொண்டே இருக்கிறது.

நேற்று மாலை பையன்களோடு பக்கத்துப் பூங்காவின் ஆடுகளத்துக்குப் போயிருந்தேன். தார்த் தரை, ஒரு வளையத்தில் வலை பாதி அறுந்து தொங்குகிறது. அங்கே பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் இடது கையால் மட்டும் தட்டித் தட்டி, வளையத்தின் இடப்பக்கம் போய்ப் பலகையில் பட வைத்துப் போட்டுக்கொண்டிருந்தான். ஐந்தாறு முறை தவறினாலும் வலது கைக்கு மாற்றவில்லை. முதுகில் 17, லின். பெரிய சட்டை, முழங்காலைத் தொட்டது. இந்தப் பகுதியில் சீனக் குடும்பங்கள் ஏராளம். அவனுடைய அப்பா ஓரத்தில் உட்கார்ந்திருந்தார், பேச்சுக் கொடுத்தேன். 2012 பிப்ரவரி 14 அன்று இதே ஊர் அரங்கில் இருந்தாராம்.

அந்தத் தேதி உனக்கும் நினைவிருக்கும். நியூயார்க் நிக்ஸ் அணியில் யாரும் அறியாமல் இருந்த லின், திடீரென்று இரண்டு வாரம் உலகத்தையே தன் பக்கம் திருப்பினாரே, அந்த நாட்களில் ஒன்று. 87-87 என்று சமநிலை. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது வளைவுக் கோட்டுக்கு வெளியே நின்றபடி ஒரு த்ரீ பாயிண்டர். மீதி அரை வினாடி. 90-87, ராப்டர்ஸ் தோற்றார்கள். தோற்ற ஊரிலேயே எழுந்து நின்று கைதட்டியவர்கள் இருந்தார்கள், இவரும் ஒருவர். ஏழு வருஷம் கழித்து அதே ஆள் இந்த ஊர்ச் சட்டையிலேயே வந்தபோது அவர் மகன் அந்தச் சட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அவர் சொன்னார்: "என் பையனுக்கு லின் பெஞ்ச் ஆள் இல்லை."

ஆசிய அமெரிக்கரான லின்னுக்குக் கிடைக்கும் இந்த ஆதரவை வெறும் இனப்பாசம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அது எனக்கு ஏற்பில்லை. டொரொண்டோ மாதிரி ஊரில், பாதிப் பேர் வேறு நாட்டில் பிறந்தவர்களாக இருக்கும் ஊரில், தன்னைப் போல முகமுள்ள ஒருவர் பந்தோடு ஓடுவதைப் பார்க்கும் ஆசை மிகவும் நியாயமானது. நம் நண்பரின் பையன்களுக்கும் அது தெரியும். 2015-இல் சிம் புல்லர் சேக்ரமெண்டோ அணிக்காக இறங்கி, என்பிஏவில் ஆடிய முதல் இந்திய வம்சாவளிக்காரர் ஆனபோது இந்த வீட்டிலும் தொலைக்காட்சி முன்னால் கூடினார்களாம். சிம் இந்த ஊரிலேயே பிறந்த பையன்.

ஆனால் ஆசை வேறு, பயிற்சியாளரின் கணக்கு வேறு. 23 ஆட்டங்களில் லின் சராசரியாக 7 புள்ளிதான் எடுத்தார். வெளியிலிருந்து எறிந்தது விழவில்லை. மார்ச் நடுவில் வான்வ்லீட் விரல் தேறித் திரும்பிவிட்டார். பிளே ஆஃபில் லின்னுக்கு எட்டு ஆட்டங்களில் சேர்த்து 27 நிமிடம். அவையும் பெரும்பாலும் வெற்றி தோல்வி முடிவான பிறகு கிடைத்தவை.

வாதத்தின் சூடு எங்கே என்றால், ஃபிலடெல்ஃபியா தொடரில். அந்த ஏழு ஆட்டங்களில் வான்வ்லீட்டுக்குப் பந்தே விழவில்லை, சராசரி இரண்டு புள்ளி. மூத்தவன் அங்கேதான் பிடித்துக்கொள்கிறான். அப்போது லின்னை இறக்கியிருக்க வேண்டாமா என்கிறான். அந்த மே மாதத்தில் ஊரில் பாதிப் பேர் அதையே கேட்டிருப்பார்கள். நேர்ஸ் அசையவில்லை. அடுத்து மில்வாக்கி தொடரின் நடுவே, மே 20 அன்று வான்வ்லீட்டுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அதற்குப் பிறகு அவர் வேறு ஆள். ஐந்தாவது ஆட்டத்தில் ஒன்பது எறிந்து ஏழு த்ரீ பாயிண்டர். இறுதித் தொடரில் வாரியர்ஸின் ஸ்டெஃபன் கரியின் கூடவே ஓடிக்கொண்டிருந்தார். நான்காவது ஆட்டத்தில் முழங்கை பட்டுப் பல் உடைந்து கன்னத்தில் தையல். கடைசி ஆட்டத்தில் 22 புள்ளி, அதில் 12 நான்காம் கால்பகுதியில். இறுதித் தொடரின் சிறந்த வீரருக்கான பதினோரு வாக்குகளில் பத்து லெனர்டுக்கு, மீதி ஒன்று இவருக்கு. ஒரு மாற்று கார்டுக்கு!

இளையவன் இதைச் சொல்லிவிட்டு "இப்ப என்ன சொல்லுறியள்?" என்று என்னைப் பார்த்தான். தீர்ப்பு சொல்லாமல் விடமாட்டார்கள்.

சொன்னேன். ஒரு ஆளை எடுத்தது சரியா என்று பார்க்க, எடுத்த நாளில் நின்று பார்க்க வேண்டும். பிப்ரவரி 13 அன்று ரைட் இல்லை, வான்வ்லீட்டின் கையில் கட்டு, லௌரிக்கு முதுகு. அட்லாண்டாவில் சராசரியாகப் பத்துப் புள்ளிக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்த, ஒன்பதாவது பருவம் ஆடும் கார்டு கை நீட்டினால் கிடைக்கிறார். எடுக்காமல் விட்டிருந்தால்தான் குற்றம். நம் நண்பர் சொல்லும் இளைஞர்களை ஏப்ரல் மாத அனல் ஆட்டத்தில் முதல்முறை இறக்கிவிட யாருக்கும் துணிச்சல் வந்திருக்காது. அதே அளவுகோலை மே மாதத்துக்கும் வைத்தால், நேர்ஸ் செய்ததும் சரிதான். பந்து விழாவிட்டாலும் வான்வ்லீட் தடுப்பாட்டத்தில் எதிராளியை விடவில்லை. லின்னால் அந்த வேகத்தில் கரியைத் துரத்தியிருக்க முடியாது. 2017 அக்டோபரில் முழங்கால் நாண் அறுந்து ஒரு பருவம் முழுவதையும் இழந்தவர் அவர். மூத்தவனுக்கு இதில் ஒப்புதல் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான், காலையில் மறுபடி ஆரம்பித்தான்.

அந்தப் பட்டத்தில் பங்கிருக்கிறதா என்று லின்னை இனி பலர் கேட்பார்கள். இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வான்வ்லீட் விரல் தேறும்வரை அவசரப்பட்டுத் திரும்பத் தேவையில்லாமல் இருந்ததற்கு லின் அப்போது ஆடிய ஆட்டங்களும் ஒரு காரணம். என்பிஏ பட்டம் வென்ற முதல் ஆசிய அமெரிக்கர் அவர். அதையும் யாரும் அழிக்க முடியாது.

ஜூன் 30 மாலை ஆறு மணிக்கு ஒப்பந்தம் முடிந்தவர்களோடு அணிகள் பேசத் தொடங்கலாம். லெனர்டுக்கு வரிசையில் நிற்பார்கள். லின்னுக்கும் அதே நாளில்தான் கதவு திறக்கிறது. வயது 30. யாராவது ஒரு அணிக்கு மாற்று கார்டு தேவைப்படும், எடுக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. கூடவே, இந்த வருஷம் உங்கள் பள்ளி அணியில் இரண்டாவது கார்டாக யாரைப் போட்டிருக்கிறாய், அவனுக்கு எத்தனை நிமிடம் கொடுக்கிறாய் என்றும் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்