கழற்றல் கூலி

கொள்ளுப்பிட்டியில், காலி வீதியோரத்துக் கந்தோர் ஒன்றில் போன மாதம் பில்லை நீட்டினேன். கணக்காளர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பூட்டுறதுக்குக் காசு கேளுங்கோ, விளங்குது. கழட்டுறதுக்கும் கேக்கிறியளோ ஐயா?"

முப்பது வருடமாக டேட்டாபேஸ் சேர்வர்களோடு மாரடிக்கிறவன் நான். வருகிற மாதத்தோடு ஓய்வு. அந்தச் சிரிப்பு 100ஆம் நம்பர் பஸ்ஸில் வெள்ளவத்தை வரை கூடவே வந்தது.

ஒராக்கிள் டேட்டாபேஸைப் பூட்ட 'நெக்ஸ்ட்' அமத்தத் தெரிந்தால் போதும். கழற்றுவதுதான் வேலை. 11ஜி ரிலீஸ் 2இல்தான் 'டீஇன்ஸ்டோல்' கருவியை ஹோமுக்குள்ளேயே, அதாவது ஒராக்கிளைப் பூட்டிய கோப்புறைக்குள்ளேயே, வைத்துத் தந்தார்கள். அதற்கு முன்னர் இன்ஸ்டோலர் தன் பட்டியலில் பெயரை வெட்டிவிட்டு, சேர்விஸையும் ரெஜிஸ்ட்ரிக் கிளையையும் கனக்கக் கோப்புகளையும் அப்படியே விட்டுப்போகும். அதன்மேல் புதிதைப் பூட்டினால் 1521ஆம் போர்ட்டில் பழைய லிசனர் குந்தியிருக்கும்.

10ஜி காலத்தில் கொட்டாஞ்சேனைக் களஞ்சியம் ஒன்றில் நடந்தது இன்னும் மறக்கவில்லை. ஒராக்கிள் சேர்விஸ் எல்லாவற்றையும் நிறுத்தினேன். ரெஜிஸ்ட்ரியைத் துடைத்தேன். ஹோமை அழிக்கப் போனால் ஓசிஐ.டிஎல்எல் மட்டும் அசையவில்லை, பாவனையில் இருக்கிறதாம். மெசினை நிற்பாட்டிப் போட்டேன். அதே பதில். யாருடைய பாவனையில்? ஒராக்கிளின் ஒரு சேர்விஸும் அங்கே உயிரோடு இல்லை.

எனக்குத் தொழில் பழக்கியவருக்கு ஃபோன் எடுத்தேன். "வீட்டுக்காரனையே தேடாதையும் தம்பி. பக்கத்து வீட்டையும் பாரும்."

'டாஸ்க்லிஸ்ட்' கட்டளையோடு 'எம்' சேர்த்து அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்தேன். பிடித்து வைத்திருந்தது எம்எஸ்டிடிசி, விண்டோஸின் சொந்தச் சேர்விஸ்! பல டேட்டாபேஸ்களைத் தொடும் ஒரே கொடுக்கல்வாங்கலை ஒருங்கிணைப்பது அதன் வேலை. ஒராக்கிளோடும் பேச வேண்டி வரலாம் என்று அந்தக் கோப்பைப் விண்டோஸின் பாத் பட்டியல் வழியே தேடி ஏற்றிக்கொள்ளும். பாத்தில் பழைய ஹோமை வெட்ட மறந்தது நான்தான். வெட்டினேன், அந்தச் சேர்விஸை நிறுத்தினேன், அழிந்தது. ஒரு கோப்புக்கு மூன்று மணித்தியாலம்.

தொழில் பழக்கியவர் சொல்லித்தந்தபடி இன்றைக்கும் கை வைக்க முன்னர் ஒரு துண்டில் எழுதுகிறேன்: ஹோம் எங்கே, சேர்விஸ் பெயர் என்ன, டேட்டா எங்கே, பேக்கப் திரும்ப ஏறுமா. ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை அவர் பேக்கப் என்றே சொல்லமாட்டார்.

இப்போதைய பெடியள் "போர்மட் அடிப்பம் அங்கிள்" என்கிறார்கள். மைஎஸ்கியூஎல்லைக் கழற்றிப் பூட்டிவிட்டு, "பழைய பாஸ்வேர்டையே கேக்குது" என்று பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலிருந்து எனக்கு அழைப்பு வரும். புரோகிராம்டேட்டாவுக்குள் மறைந்திருக்கும் கோப்புறையை யார் பார்த்தார்கள்? அது தங்கியிருப்பது பிழையல்ல. புரோகிராம் செய்தவனுடையது, டேட்டா உங்களுடையது. அதை அழிக்கும் உரிமை தனக்கில்லை என்று கழற்றும் கருவிக்குத் தெரிந்திருக்கிறது. போர்மட் அடிக்கிறவனுக்குத் தெரியவில்லை. கன்டெய்னர் என்றால் ஒரு வரியில் போய்விடும் என்று பெருமை வேறு. அங்கேயும் டேட்டா இருக்கும் வொல்யூம் பின்னால் தங்கும், தம்பிமாரே.

அன்றைக்குச் சிரித்த கணக்காளர் பில்லைக் குறைக்கச் சொன்னார். இரண்டு வரிதான் இருந்தது: கழற்றல், மூன்று மணித்தியாலம், பூட்டல், இருபது நிமிடம்.

பேனையை வாங்கி, பூட்டல் காசை வெட்டிக் கொடுத்தேன்.