சொல்லும் காட்சியும்

'யானை' என்னும் சொல்லைக் கேட்டவுடன் எவரும் அகராதியைப் புரட்டுவதில்லை. மலை போன்ற உடலும், தூண் போன்ற கால்களும், அசையும் துதிக்கையும் நொடிப்பொழுதில் உள்ளத்தில் வந்து நிற்கின்றன. கண்ணெதிரே இல்லாத பொருளை உள்ளத்தால் காணும் இந்த ஆற்றலை அகக்கண் என்பர்; மனக்கண் என்றும் கூறுவர். கற்றலுக்கும் இவ்வாற்றலுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. தாய்மொழி வழங்கும் மண்ணுக்குத் தொலைவில் வளரும் பிள்ளைகளுக்கு இதன் தேவை இன்னும் மிகுதி.

தில்லியில் ஆறாம் வகுப்புப் பயிலும் ஒரு தமிழ்ச் சிறுமியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவள் தமிழைப் பிழையின்றி எழுதுவாள். 'நாற்று' என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டால் இந்தியிலும் ஆங்கிலத்திலும் உடனே கூறுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கும்பகோணத்தை அடுத்த சிற்றூரிலிருந்து அவளுடைய பாட்டி தொலைபேசியில் அழைக்கிறார். "நாத்து நட்டு எட்டு நாளாச்சு கண்ணு. பயிரு நல்லா வேர் புடிச்சிருச்சு" என்று மகிழ்ச்சியோடு சொல்கிறார். "சரி பாட்டி, அம்மாகிட்ட குடுக்குறேன்" என்று கூறிச் சிறுமி தொலைபேசியைத் தாயிடம் நீட்டுகிறாள்.

சிறுமிக்குப் பாட்டியின்மேல் அன்பு இல்லை என்பதன்று. பாட்டி கூறிய சொற்கள் அவளுக்குத் தெரியாதவையும் அல்ல. சொற்களின் பொருள் தெரிந்தது. ஆனால், காட்சி தோன்றவில்லை. காட்சி தோன்றாததால், பாட்டியிடம் கேட்பதற்கு ஒரு கேள்வியும் எழவில்லை. வேறொரு மொழியின் சொல்லைப் பொருளாகக் கொண்டு மட்டும் கற்ற சொல், தேர்வுத்தாளில் நிற்கும், உரையாடலில் நிற்பதில்லை.

இக்குறையைப் போக்கும் வழி அச்சிறுமியின் வீட்டுப் பால்கனியிலேயே இருக்கிறது. குளிர்காலம் தொடங்கும்போது அவளுடைய தாய் செண்டுமல்லிக் கன்றுகளை வாங்கிவந்து தொட்டிகளில் நடுகிறார். நட்ட அன்று கன்றுகள் தலை தொங்கி நிற்கின்றன. ஓரிரு நாள்களில் அவை நிமிர்கின்றன. இதனைச் சிறுமி ஒவ்வோர் ஆண்டும் கண்டிருக்கிறாள். வகுப்பில் ஆசிரியர் இதனை நினைவூட்டிவிட்டு மேலும் சில செய்திகளைக் கூறுகிறார். நாற்றங்காலில் விதை தூவுவர். ஏறக்குறைய 25 நாள் வளர்ந்த நாற்றைப் பறித்து முடிகளாகக் கட்டுவர். பெண்கள் வரிசையாக நின்று, குனிந்து, சேற்றில் பின்னோக்கி நடந்தவாறே நடுவர். தொட்டியின் இடத்தில் பரந்த வயலையும், ஐந்து கன்றுகளின் இடத்தில் எண்ணற்ற நாற்றுகளையும் சிறுமி இப்பொழுது அகக்கண்ணில் வைத்துப் பார்க்கிறாள். வேர் பிடிக்கும்வரை பயிர் வாடிப்போகக்கூடும் என்பதும், பாட்டியின் மகிழ்ச்சிக்கு அதுவே காரணம் என்பதும் அவளுக்கு விளங்குகின்றன. அடுத்த முறை பேசும்போது, "பயிர் நிமிர்ந்து நிக்குதா பாட்டி?" என்று கேட்க அவளிடம் ஒரு கேள்வி இருக்கிறது.

தெரிந்ததைக் கொண்டு தெரியாததைக் காண்பதே இம்முறையின் அடிப்படை. பூவின் நிலைகளைக் குறிக்கத் தமிழில் தனித்தனிச் சொற்கள் உள்ளன. தோன்றும் நிலை அரும்பு; விரியத் தொடங்கும் நிலை போது; விரிந்த நிலை மலர்; செடியிலிருந்து கீழே விழுந்த நிலை வீ; வாடிய நிலை செம்மல். இவ்வைந்தையும் பட்டியலாக மனப்பாடம் செய்யும் மாணவர், தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவர். வடஇந்தியாவில் ஹர்சிங்கார் என்று வழங்கும் பவளமல்லி, மழைக்காலம் முடியும் பருவத்தில் இரவில் மலர்ந்து விடியலில் உதிரும். பள்ளிப் பேருந்துக்காக நிற்கும் பிள்ளையின் காலடியில், வெண்ணிற இதழும் செம்மஞ்சள் காம்புமாக அப்பூக்கள் வாடாமல் கிடக்கும். அதுவே 'வீ'. மாலையில் அதே பூ சுருங்கிக் கிடப்பது 'செம்மல்'. ஒரு முறை இவ்வாறு கண்ட பிள்ளைக்கு அச்சொற்கள் மறப்பதில்லை.

தொலைவில் வளர்வது எப்பொழுதும் இழப்பே என்று எண்ண வேண்டுவதில்லை. தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் மார்கழியும் தையும் முன்பனிக்காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். கடலோரச் சென்னையில் வாழும் பிள்ளை பனியின் கடுமையை அவ்வளவாக அறியாது. எதிரே வருபவரும் தெரியாத மூடுபனியில் பள்ளிக்குச் செல்லும் தில்லிப் பிள்ளைக்கோ, பனிக்காலம் என்னும் சொல் உடலே அறிந்த சொல். குறிஞ்சி நிலத்துக்குப் பெயர் தந்த நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையே பூக்கும். மூணாற்றில் அது 2006ஆம் ஆண்டிலும் 2018ஆம் ஆண்டிலும் பெருமளவில் பூத்தது. எனவே, மதுரையில் வளரும் பிள்ளைகளுள்ளும் பலர் அதனை அகக்கண்ணால் மட்டுமே கண்டுள்ளனர்.

அகக்காட்சி சில வேளைகளில் தவறாகவும் அமையும். கடலையே கண்டிராத பிள்ளை, நெய்தல் நிலத்தைப் பற்றிப் படிக்கும்போது யமுனையை அகலமாக்கி உள்ளத்தில் வைத்துக்கொள்ளும். அவ்வாறு தொடங்குவதில் தவறில்லை. அங்கேயே நின்றுவிடுவதுதான் தவறு. ஆற்று நீர் ஒரு திசை நோக்கி ஓடும். கடல் அலை கரைக்கு வந்து மீளும். ஆற்றின் மறுகரை தெரியும். கடலுக்கு வானமே எல்லை. கடற்காற்றில் உப்பும் மீன்வாடையும் கலந்திருக்கும். இவ்வேறுபாடுகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது யமுனை மறைந்து கடல் தோன்றும். ஆதலால், தாம் கண்ட காட்சியை மாணவர் சொல்லாலோ ஓவியத்தாலோ வெளிப்படுத்த வேண்டும். அப்பொழுதுதான் ஆசிரியர் அதனைத் திருத்த இயலும்.

அகக்காட்சி வெறும் பகற்கனவு அன்று என்பதற்கு அறிவியலிலும் சான்றுகள் உள்ளன. மைக்கேல் ஃபாரடே கொல்லர் ஒருவரின் மகன், புத்தகம் கட்டும் தொழில் பயின்றவர், உயர்கணிதம் கற்காதவர். காந்தத்தின்மேல் வைத்த தாளில் இரும்புத்தூள் வளைகோடுகளாக அமைவதைக் கண்ட அவர், அக்கோடுகள் வெளி முழுவதும் பரவியிருப்பதாக உள்ளத்தில் கண்டார். அவற்றை விசைக்கோடுகள் என்றார். அக்காட்சிக்குப் பின்னாளில் கணித வடிவம் தந்தவர் மாக்சுவெல். 1971ஆம் ஆண்டில் ஷெப்பர்டு, மெட்சுலர் என்னும் உளவியலாளர் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கனசதுரங்களை அடுக்கியது போன்ற இரண்டு உருவப்படங்களைக் காட்டி, அவை ஒரே உருவமா என வினவினர். ஓர் உருவம் மற்றதிலிருந்து எவ்வளவு திரும்பியிருந்ததோ, அதற்கேற்ப விடை கூறும் நேரமும் கூடியது. கையால் ஒரு பொருளைத் திருப்பிப் பார்ப்பதுபோல, உள்ளமும் உருவத்தைத் திருப்பிப் பார்க்கிறது என்பதனை அது உணர்த்தியது.

எனினும், அகக்கண் எல்லாருக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. 1880ஆம் ஆண்டில் பிரான்சிஸ் கால்டன் என்னும் ஆங்கில அறிஞர், காலையுணவு மேசையை நினைவில் கொண்டுவருமாறு பலரிடம் கூறினார். சிலர் தட்டுகளையும் நிறங்களையும் தெளிவாகக் கண்டனர். வேறு சிலருக்கு எவ்வுருவமும் தோன்றவில்லை. தோன்றாதவருள் சிறந்த அறிவியலாளரும் இருந்தனர். ஆகவே, "எனக்கு ஒண்ணும் தெரியல" என்று வகுப்பில் கூறும் மாணவர் நாண வேண்டுவதில்லை. காட்சி தோன்றாதவர் ஓசையையும் மணத்தையும் தொடுவுணர்வையும் பற்றிக்கொள்ளலாம். கையில் அளைந்த சேற்றின் குளிர்ச்சியும் 'நாற்று' என்னும் சொல்லுக்குள் சேரத் தக்கதே.

இம்முறையைப் பழகுவதற்குத் தனிப் பொருள் எதுவும் தேவையில்லை. பாடத்தில் வரும் ஒரு சொல்லை மாணவர் தேர்ந்துகொள்ளலாம். அச்சொல் களமாகவோ ஏற்றமாகவோ உப்பளமாகவோ இருக்கலாம். பின்பு சற்று நேரம் கண்களை மூடி, அங்கே என்ன நிறம் தெரிகிறது, என்ன ஓசை கேட்கிறது, என்ன மணம் வருகிறது, யார் என்ன செய்கிறார் என்று தம்மையே வினவ வேண்டும். கிடைத்த விடைகளை ஏட்டில் எழுத வேண்டும். விடை கிடைக்காத இடத்தை வெறுமையாக விட்டுவைக்கலாம். ஊரிலிருந்து தாத்தாவோ பாட்டியோ தொலைபேசியில் அழைக்கும்போது, அந்த வெற்றிடங்களை நிரப்பித் தருமாறு அவர்களிடம் கேட்கலாம்.