ஊழியத்துக்குப் போகும் தம்பிகளுக்கு

ஊழியம் என்றாலே ஒலிபெருக்கி என்று ஆகிவிட்டது. எனக்கு ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஞாபகம்தான் வருகிறது. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுதிப் பழகினார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தது 1715இல். அதற்கு முன்பே நம் ஆட்களுக்குக் கடிதம் எழுதி, உங்கள் சாமி யார், உங்கள் வழக்கம் என்ன என்று கேட்டு, வந்த பதில்களை ஜெர்மனிக்கு அனுப்பியிருக்கிறார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு புத்தகமே எழுதினார். ஜெர்மனியில் இருந்த பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அச்சேறியது 1867இல்தான், அதுவும் சென்னையில்!

எங்கள் மதகடிப்பட்டு செவ்வாய்ச் சந்தையில் பார்க்கிறேன். ஒரு கையில் மாட்டுக் கயிறு, மறு கையில் எண்ணி முடிக்காத நோட்டு. அந்த மனுஷன் சட்டைப் பையில் ஊழியக்காரர்கள் கைப்பிரதியைச் செருகிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பேரைக்கூடக் கேட்பதில்லை. தபால் பட்டுவாடாதான் நடக்கிறது.

போகச் சொன்னவர் ஆண்டவர், போகத்தான் வேண்டும். ஆனால் தம்பிகளா, முதலில் அந்த மனுஷனோடு ஒரு டீ குடியுங்கள். வைக்கோல் விலை, பிள்ளை படிப்பு எல்லாம் அவர் பேசட்டும். "நீங்க எந்த ஊரு தம்பி?" என்று அவராகக் கேட்ட பிறகு பையைத் திறங்கள்.